முதுகில் ஒரு தடிப்பு, வலியும் இல்லை அரிப்பும் இல்லை: கொலாஜனோமா என்றால் என்ன?

முதுகிலோ இடுப்பிலோ கையிலோ தோல் நிறத்திலேயே ஒரு தடிப்பு. வலிக்காது, அரிக்காது, தொட்டால் கொஞ்சம் கெட்டியாக இருக்கும். வந்து எத்தனை வருடம் ஆச்சு என்று கேட்டால் அந்த ஆளுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது, ஏனென்றால் தன் முதுகை யாரும் பார்த்துக்கொள்வதில்லை, குளிக்கும்போது முதுகு தேய்த்துவிடும் அம்மாவோ வீட்டுக்காரியோ சொல்லித்தான் தெரியவரும்.

ரங்கூனில் நம் ஆட்கள் இதைக் காட்டிக் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதான். குஷ்டமா? கேன்சரா? பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளுமா? நான் டாக்டர் இல்லை, திசு ஆய்வு லேபில் வேலை பார்ப்பவள், ஆனால் சொந்தக்காரர்கள், கோயிலில் பார்ப்பவர்கள் எல்லோரும் முதலில் என்னிடம்தான் வருகிறார்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போகும் தடிப்பாக இருந்தால் மூன்று கேள்விக்கும் ஒரே பதில், இல்லை. ஆனால் நான்காவதாக ஒரு கேள்வி இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை: இது தனியாக வந்ததா, அல்லது உடம்பில் வேறு ஏதாவது ஒன்றோடு சேர்ந்து வந்ததா? எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கேள்விதான்.

முதலில் தோலைப் பற்றிக் கொஞ்சம். மேலே நாம் பார்க்கிற, தேய்த்தால் உதிர்கிற மெல்லிய அடுக்கு ஒன்று. அடியில் கொழுப்பு. நடுவில் இருப்பதுதான் தோலுக்குப் பலம் தருகிற அடுக்கு, டெர்மிஸ் என்பார்கள். அதில் உயிரணுக்கள் குறைவு, நார்கள்தான் அதிகம். ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற உயிரணுக்கள் இந்த நார்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். நார்களில் பெரும்பகுதி கொலாஜன். ஈரத்தை நீக்கிவிட்டு எடை போட்டால் டெர்மிஸில் ஏறக்குறைய முக்கால் பங்கு அதுதான், இழுத்தால் தோல் கிழியாமல் தாங்குவது அதனால்தான். எலாஸ்டின் நார்கள் சில சதவீதம் மட்டுமே, ஆனால் கிள்ளிவிட்டால் தோல் மறுபடி பழைய இடத்துக்குப் போகிறதே, அது அவற்றின் வேலை. இந்த நார்களுக்கு நடுவில் தண்ணீரைப் பிடித்துவைக்கும் வழவழப்பான ஒரு பொருள் நிறைந்திருக்கும். எல்லாம் சேர்ந்ததைத்தான் இணைப்புத் திசு என்கிறார்கள்.

இப்போது ஒரு கோரைப்பாயை நினைத்துக்கொள்ளுங்கள். முடைகிறவர் ஓரிடத்தில் மட்டும் கோரையை நெருக்கி நெருக்கி வைத்துவிட்டால் அந்த இடம் தடித்துத் தெரியும். கோரை அதே கோரைதான், வேறு எதுவும் உள்ளே வந்துவிடவில்லை, அளவும் அடுக்கும்தான் மாறியிருக்கிறது. கொலாஜனோமா என்பது இதுதான்: நம் சொந்தத் தோலின் சொந்தச் சரக்கு, ஓரிடத்தில் கூடுதலாக, ஒழுங்கு மாறிச் சேர்ந்திருக்கிறது.

கேன்சர் இல்லை என்று தைரியமாகச் சொல்வதற்குக் காரணமும் இதிலேயே இருக்கிறது. புற்றுநோயில் உயிரணுக்கள் கட்டுப்பாடு இல்லாமல் பெருகும், பக்கத்தில் இருப்பதைத் துளைத்துக்கொண்டு போகும், ரத்தம் வழியாகவோ நிணநீர் வழியாகவோ வேறு இடத்துக்குப் போய்க் குடியேறும். இங்கே அப்படிப் பெருகும் உயிரணுவே கிடையாது. நார்தான் கூடியிருக்கிறது, நார் எழுந்து எங்கும் போகாது. குழந்தையாக இருக்கும்போது வந்திருந்தால் உடம்பு வளர வளர அதுவும் கொஞ்சம் வளரும், அப்புறம் அப்படியே நின்றுவிடும்.

எது கூடுதலாக இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பெயர் மாறும். கொலாஜன் கூடினால் கொலாஜனோமா, எலாஸ்டின் நார் கூடினால் எலாஸ்டோமா, நடுவில் இருக்கும் வழவழப்பான பொருள் கூடினால் மியூசினஸ் நீவஸ், இது மூன்றிலும் மிக அரிது. மொத்தமாக இணைப்புத் திசு நீவஸ் என்று ரிப்போர்ட்டில் எழுதுவார்கள். நீவஸ் என்றதும் கறுப்பு மச்சத்தை நினைத்துக்கொண்டு, மச்சத்திலிருந்து வரும் மெலனோமாவைப் பற்றி இணையத்தில் படித்துவிட்டுத் தூக்கம் கெட்டவர்களை எனக்குத் தெரியும். இதில் நிறமி உயிரணுக்களுக்குப் பங்கே இல்லை, அந்தப் பயம் இங்கே பொருந்தாது.

ஏன் வருகிறது? தனியாக ஒரே ஒரு தடிப்பு வந்தவருக்குப் பெரும்பாலும் தெளிவான காரணம் எதையும் காட்ட முடியாது. வயிற்றில் கருவாக இருக்கும்போதே ஏதோ ஓர் உயிரணுவில் நடந்த சின்ன மரபணு மாற்றம், அதன் வழிவந்த உயிரணுக்கள் இருக்கும் இடத்தில் மட்டும் தெரிவது, இதுதான் பல சமயம் விளக்கமாகச் சொல்லப்படுவது. சிலருக்குக் குடும்ப வழியாக வருகிறது. ஙாப்பி என்ற மீன் விழுது சாப்பிட்டதாலோ கருவாடு கத்திரிக்காயாலோ சூட்டினாலோ வரவில்லை. பத்தியம் இருந்து இளைத்துப்போகாதீர்கள், அதனால் ஒரு நாரும் குறையாது. இருமினாலோ தொட்டாலோ ஒரே பாயில் படுத்தாலோ ஒட்டாது, ஏனென்றால் இதில் கிருமியே இல்லை.

பார்க்க எப்படி இருக்கும் என்றால், தோல் நிறத்திலோ கொஞ்சம் மஞ்சள் கலந்தோ இருக்கும். எலாஸ்டோமாவில் அந்த மஞ்சள் சற்றுத் தூக்கலாகத் தெரியும். சில மில்லிமீட்டர் பருமனுள்ள முடிச்சுகளாக இருக்கலாம், பல முடிச்சுகள் சேர்ந்து கைப்பிடி அளவு திட்டாகவும் இருக்கலாம், மேல்தோல் ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி குழிக்குழியாக இருக்கலாம். தலையில் இருந்தாலொழிய பலர் வருடக்கணக்கில் கவனிக்கவே மாட்டார்கள். குடும்ப வழி வரும் வகையில் பதின்ம வயதில் முதுகின் மேல்பாதியில் இரண்டு பக்கமும் சமமாகப் பல முடிச்சுகள் எழும்பும். 1968-இல்தான் இந்த வகையைத் தனியாக விவரித்து எழுதினார்கள். குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் இளவயதில் திடீரென்று பல முடிச்சுகள் கிளம்பும் இன்னொரு வகையும் உண்டு.

சரி, நான்காவது கேள்விக்கு வருவோம்.

இடுப்பின் பின்பக்கம், கீழ்முதுகில், குழிக்குழியான ஒரு திட்டு. இதற்கு ஷாக்ரீன் பேட்ச் என்று பெயர், இதுவும் கொலாஜனோமாதான். ஆனால் இது ட்யூபரஸ் ஸ்க்லெரோசிஸ் என்ற பிறவி நோயின் அடையாளங்களில் ஒன்றாக இருக்கலாம். 1880-இல் பிரான்சில் பூர்ன்வீல் என்ற மருத்துவர் விவரித்த நோய் இது. சுமார் 6,000 பிறப்புக்கு ஒன்று என்ற கணக்கில் வருகிறது, அப்படிப் பார்த்தால் அரிது என்று ஒதுக்கிவிடும் அளவுக்கு அரிதும் இல்லை. இந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஷாக்ரீன் பேட்ச் இருக்கும். டிஎஸ்சி1, டிஎஸ்சி2 என்ற இரண்டு மரபணுக்களில் ஒன்று பழுதாவதுதான் காரணம். இந்த இரண்டும் சேர்ந்து எம்டோர் என்ற வளர்ச்சிப் பாதையை அளவோடு வைத்திருக்கும். ஒன்று பழுதானால் அந்தப் பாதை நிற்காமல் வேலை செய்யும், அதனால் மூளை, சிறுநீரகம், இதயம், நுரையீரல், தோல் என்று பல இடங்களில் புற்றல்லாத வளர்ச்சிகள் உண்டாகும்.

இதில் தோல்தான் வெளியே தெரிகிற பகுதி, அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். முதலில் தெரிவது ஷாக்ரீன் பேட்ச் இல்லை, வெள்ளைத் திட்டுகள். பிறந்தபோதோ சில மாதத்திலோ உடம்பில் இலை வடிவத்தில் வெளிர் திட்டுகள் தெரியும், பத்தில் ஒன்பது பேருக்கு இவை இருக்கும். நம் நிறத்துக்கு அவை நன்றாகவே தெரியும், வெளிர்ந்த தோல் உள்ள குழந்தைக்குத்தான் புற ஊதா விளக்கு வைத்துத் தேட வேண்டியிருக்கும். 5 மில்லிமீட்டருக்குக் குறையாத மூன்று திட்டு இருந்தாலே டாக்டர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் சில வயது ஆனதும் மூக்கின் இரண்டு பக்கமும் கன்னத்திலும் சின்னச் சின்னச் சிவந்த பருக்கள் வரும். பருவ வயதில் அவை கூடுவதால் முகப்பரு என்றே நினைத்துவிடுகிறார்கள். இங்கே இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: சின்ன வயதிலிருந்தே கன்னத்தில் தனாக்கா என்ற மரப்பட்டைச் சாந்து பூசிப் பழகிய ஊர் இது, தோலுக்கு நல்லதுதான், ஆனால் சரியாக அந்தப் பருக்கள் வரும் இடத்தைத்தான் அது மூடிவிடுகிறது. தோல் டாக்டரிடம் போகும் அன்றைக்கு மட்டும் முகத்தைச் சுத்தமாகக் கழுவிவிட்டு அழைத்துப் போங்கள். ஷாக்ரீன் பேட்ச் பெரும்பாலும் பள்ளிக்கூட வயதில் அல்லது அதற்கும் பிறகுதான் தெளிவாகத் தெரியும்.

இதை நான் விரிவாகச் சொல்வது வலிப்புக்காக. இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு வலிப்பு வரும், பலருக்கு ஒரு வயது முடிவதற்குள்ளேயே. கைக்குழந்தைக்கு வரும் வலிப்பு பல சமயம் நாம் நினைக்கிற மாதிரி நுரை தள்ளி வெட்டி இழுப்பதாக இருக்காது. குழந்தை தூங்கி எழுந்த நேரத்தில் தலையை முன்னால் சாய்த்து, இரண்டு கையையும் சட்டென்று மடக்கி அல்லது விரித்து, ஒரு நொடி இரண்டு நொடி, அப்புறம் மறுபடி, மறுபடி, வரிசையாக. பயந்து திடுக்கிடுகிறது, கண் பட்டிருக்கிறது என்று திருநீறு பூசிவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். திருநீறு பூசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அன்றைக்கே செல்போனில் அதை வீடியோ எடுத்து, குழந்தை டாக்டரிடம் கொண்டு போங்கள், கூடவே உடம்பில் வெள்ளைத் திட்டு இருக்கிறதா என்று உடைகளைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வகை வலிப்புக்கு விகாபாட்ரின் என்ற மருந்து, அதுவும் இந்த நோய் உள்ள குழந்தைகளுக்கு, நன்றாக வேலை செய்கிறது. சீக்கிரம் நிறுத்தினால் குழந்தையின் அறிவு வளர்ச்சிக்கு நல்லது. தாமதிக்கும் ஒவ்வொரு வாரமும் நஷ்டம்தான்.

குடும்பத்தில் யாருக்கும் இல்லையே, நமக்கு எப்படி வரும் என்று கேட்பார்கள். இந்த நோய் உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பேருக்குப் பெற்றோரிடமிருந்து வரவில்லை, அந்தக் குழந்தையில்தான் புதிதாகத் தொடங்குகிறது. மீதி ஒரு பங்கில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ லேசாக இருந்திருக்கும், இடுப்பில் ஒரு திட்டும் கன்னத்தில் நாலு பருவும் மட்டுமே இருந்து வாழ்நாள் முழுக்க அவருக்கே தெரியாமல் போயிருக்கும். அதனால் குழந்தையைப் பார்க்கும் டாக்டர் பெற்றோரின் தோலையும் பார்க்கக் கேட்டால் கூச்சப்படாமல் காட்டுங்கள்.

இன்னொன்று, இடுப்பில் ஒரு திட்டு இருந்தாலே இந்த நோய் என்று முடிவு கட்ட முடியாது. அது பெரிய அடையாளங்களில் ஒன்று, அவ்வளவுதான். பெரிய அடையாளம் இரண்டு, அல்லது பெரியது ஒன்றும் சின்னது இரண்டும் சேர வேண்டும், இல்லையென்றால் மரபணுப் பரிசோதனையில் தெரிய வேண்டும். வெள்ளைத் திட்டு இல்லை, வலிப்பு இல்லை, முகம் சுத்தம், சிறுநீரக ஸ்கேனும் நன்றாக இருக்கிறது என்றால் அது தனியாக வந்த கொலாஜனோமா, நிம்மதியாக இருக்கலாம்.

அடுத்தது எலும்பு. 1928-இல் பெர்லினில் ஆபிரகாம் புஷ்கேயும் ஹெலனே ஒல்லன்டார்ஃபும் ஒரு நோயாளியின் தோல் முடிச்சுகளையும் எலும்பில் இருந்த புள்ளிகளையும் சேர்த்து எழுதினார்கள், அவர்கள் பெயராலேயே புஷ்கே-ஒல்லன்டார்ஃப் சிண்ட்ரோம் என்று இன்றும் சொல்கிறார்கள். இருவரும் யூதர்கள். ஒல்லன்டார்ஃப் அமெரிக்காவுக்குப் போய்த் தோல் மருத்துவத்தில் தொடர்ந்து வேலை செய்தார். புஷ்கே 1943-இல் தெரேசியன்ஸ்டாட் நாஜி முகாமில் இறந்தார். இந்த நோயின் பெயரைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

இதில் தோலில் வருவது பெரும்பாலும் எலாஸ்டோமா, மஞ்சள் கலந்த சின்ன முடிச்சுகள், தொடையிலும் இடுப்பிலும் வயிற்றிலும் கூட்டமாக இருக்கும். எலும்பில் வருவது, மூட்டுகளை ஒட்டியும் கை கால் எலும்புகளிலும் இடுப்பெலும்பிலும் வெள்ளை வெள்ளைப் புள்ளிகள், எக்ஸ்ரேயில் மட்டுமே தெரியும். இரண்டுமே கெடுதல் இல்லை, எலும்பு எளிதில் முறிந்துவிடவும் செய்யாது. எல்இஎம்டி3 என்ற மரபணு காரணம் என்று 2004-இல் கண்டுபிடித்தார்கள். இதன் புரதம் உயிரணுக்கருவின் உறையில் இருந்துகொண்டு நாரையும் எலும்பையும் கூட்டச் சொல்லும் கட்டளைகளை அடக்கி வைப்பது. சுமார் 20,000 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்கிறார்கள்.

கெடுதல் இல்லை என்றால் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? நாற்பது வயதில் ஒருவர் முழங்கால் வலிக்காகவோ மோட்டார் சைக்கிளில் விழுந்தோ எக்ஸ்ரே எடுக்கிறார் என்று வையுங்கள். படத்தில் எலும்பு முழுக்கப் புள்ளி. வேறெங்கோ இருக்கும் புற்றுநோய் எலும்பில் பரவினாலும் ஏறக்குறைய இப்படித் தெரியலாம். அப்புறம் ஸ்கேன் மேல் ஸ்கேன், எலும்பிலிருந்து ஊசியில் திசு எடுப்பது, வீட்டில் அழுகை, கடன். தோலில் இருந்த அந்த முடிச்சு இன்னதென்று முன்பே எழுதி வைத்திருந்தால் இத்தனையும் வேண்டாம். அதே மாதிரி எக்ஸ்ரே பார்த்த டாக்டர் சட்டையைக் கழற்றச் சொல்லித் தோலைப் பார்த்தாலும் போதும்.

மற்றவை இன்னும் அரிது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உள்ளங்காலில் தோல் தடித்து, மூளையின் மடிப்பு மாதிரி ஆழமான மடிப்புகளோடு வளர்ந்தால் ப்ரோட்டியஸ் சிண்ட்ரோமாக இருக்கலாம்; உலகத்திலேயே சில நூறு பேருக்குத்தான் பதிவாகியிருக்கிறது, ஏகேடி1 மரபணுவின் மாற்றம் உடம்பின் ஒரு பகுதி உயிரணுக்களில் மட்டும் இருப்பதுதான் காரணம் என்று 2011-இல் தெரிந்தது. பல கொலாஜனோமாக்களோடு சிறுநீரகக் கல் அடிக்கடி வருகிறது, ரத்தத்தில் கால்சியம் கூடியிருக்கிறது என்றால் நாளமில்லாச் சுரப்பிகளைப் பார்க்க வேண்டும், மென்1 என்ற பரம்பரை நோய் அப்படி வரும். வரிவரியாகச் சுழன்ற நார் அமைப்புள்ள ஒரு வகை பல இடங்களில் இருந்தால் கௌடன் சிண்ட்ரோம் என்ற பரம்பரை நோயை நினைத்து மார்பகத்தையும் தைராய்டையும் பரிசோதிக்கச் சொல்வார்கள்.

இனி, எதையெல்லாம் கொலாஜனோமா என்று தவறாக நினைக்கிறோம், கொலாஜனோமாவை வேறு எதுவென்று நினைத்துவிடுகிறோம் என்பது.

குஷ்டப் பயம் இங்கே காரணமில்லாமல் வந்தது இல்லை. மோல்மீனில் தொழுநோய்க்கென்றே ஒரு மருத்துவமனை நூறு வருடத்துக்கு மேலாக இருக்கிறது, நம் தாத்தா பாட்டி காலத்தில் அந்த நோய் வந்தவர்களை ஊரைவிட்டு ஒதுக்கிய கதைகள் பல குடும்பத்தில் உண்டு. பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் கீழே என்ற அளவுக்கு நாடு வந்தது 2003-இல்தான். இரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்கு முதல் படி உணர்ச்சி. கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பஞ்சை மெல்லிய திரியாக்கித் தடிப்பின் மேல் தொடுங்கள், அப்புறம் பக்கத்து நல்ல தோலில் தொடுங்கள். கொலாஜனோமாவில் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி உணர்வு இருக்கும். தொழுநோய்த் திட்டில் பெரும்பாலும் மரத்திருக்கும், நிறம் வெளிறியோ சிவந்தோ இருக்கும், முழங்கைப் பக்கம் நரம்பு தடித்திருக்கலாம். ஆனால் தொழுநோயின் சில வகைகளில் முடிச்சுகள் வரும், காது மடல் தடிக்கும், அங்கே உணர்ச்சி ஆரம்பத்தில் போகாமலும் இருக்கலாம், அதனால் வீட்டுப் பஞ்சுச் சோதனையை வைத்து முடிவு எடுக்காதீர்கள், டாக்டர் பார்க்கட்டும். அப்படியே அதுவாக இருந்தாலும் மாத்திரையால் குணமாகும் நோய், மாத்திரை இலவசம்.

கீலாய்டும் கொலாஜனால் ஆனதுதான், ஆனால் அது காயத்தில் பிறப்பது. காது குத்திய இடத்தில், தீமிதிக்கு அலகு குத்திய இடத்தில், அம்மைத் தழும்பில், பரு உடைந்த மார்பில் எழும்பும், பளபளவென்று இருக்கும், அரிக்கும், சில சமயம் வலிக்கும், காயத்தின் எல்லையைத் தாண்டிப் பரவும். கொலாஜனோமாவுக்கு முந்தைய காயம் எதுவும் தேவையில்லை. நியூரோஃபைப்ரோமா மெத்தென்று இருக்கும், விரலால் அழுத்தினால் உள்ளே அமுங்கும், உடம்பில் பால் கலந்த காப்பி நிறத் திட்டுகள் கூடவே இருக்கலாம். கொழுப்புக் கட்டி தோலுக்கு அடியில் நழுவும்.

கவலைப்பட வேண்டியது ஒன்று இருக்கிறது. டெர்மட்டோஃபைப்ரோசார்கோமா என்ற தோல் புற்று, உடம்பின் நடுப்பகுதியில் வலியே இல்லாமல், மிக மெதுவாக, வருடக்கணக்கில் கெட்டியான தடிப்பாக வளரும். வலிக்கவில்லையே என்று விட்டுவிடுவது அதில்தான் ஆபத்து. ஆகவே தடிப்பு பெரிதாகிக்கொண்டே போனாலோ, மேலே முடிச்சு முளைத்தாலோ, புண்ணாகி ரத்தம் கசிந்தாலோ, நிறம் மாறினாலோ, பெரியவர் ஆன பிறகு புதிதாக ஒன்று வந்து வளர்ந்தாலோ தள்ளிப்போடக் கூடாது, திசு எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

திசு எடுப்பது என் பக்கத்து வேலை, அதில் இரண்டு விஷயம் சொல்ல ஆசை. மேலோட்டமாகச் சீவி எடுத்த துண்டு இதற்கு உதவாது. டெர்மிஸ் முழுவதும், அடியில் கொழுப்பு தெரியும்வரை ஆழமாக எடுத்தால்தான் நார் கூடியிருக்கிறதா என்று சொல்ல முடியும். இரண்டாவது, முதுகுத் தோலே இயல்பாகத் தடிமன், அதனால் வழக்கமான சாயத்தில் பார்த்தால் கொலாஜனோமா சாதாரணத் தோல் மாதிரியே தெரிந்துவிடும். பக்கத்தில் உள்ள நல்ல தோலிலிருந்தும் ஒரு சின்னத் துண்டு அனுப்பினால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். எலாஸ்டின் நாரைக் கறுப்பாகக் காட்டும் வெர்ஹாஃப் சாயமும், கொலாஜனை நீலமாகவோ பச்சையாகவோ காட்டும் மாசன் சாயமும் தனியாகப் போட வேண்டும். படிவத்தில் இணைப்புத் திசு நீவஸ் சந்தேகம் என்று ஒரு வரி இருந்தால்தான் அதைப் போடுவோம். அந்த வரி இல்லாமல் வந்து, சாதாரணத் தோல் என்று ரிப்போர்ட் போய், வீட்டில் இருப்பவர்கள் டாக்டர் தப்பான இடத்தில் வெட்டிவிட்டார் என்று கோபப்படுவது நடக்கிறது. வெட்டிய இடம் சரிதான், கேள்வியை எழுதி அனுப்பவில்லை.

எல்லோருக்கும் வெட்டிப் பார்க்க வேண்டும் என்றும் இல்லை. அனுபவமுள்ள தோல் டாக்டர் பார்த்து, தடவி, குடும்ப விவரம் கேட்டு, குழந்தைக்கு இது தேவையில்லை என்று சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிகிச்சை என்ன? பெரும்பாலும் ஒன்றுமே வேண்டாம். அழகுக்காக எடுக்க ஆசைப்பட்டால் அறுவை செய்து எடுக்கலாம், ஆனால் ஒன்றை யோசியுங்கள்: முதுகின் மேல்பகுதி, தோள், மார்பு, இவைதான் நம் மாதிரி கருமை நிறத்தவர்களுக்குக் கீலாய்டு அதிகமாக வரும் இடங்கள். வலியில்லாத சின்னத் தடிப்பை எடுக்கப்போய் அரிக்கும் பெரிய தழும்பை வாங்கிக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. ஸ்டீராய்டு ஊசியை அந்த இடத்திலேயே போட்டுப் பார்த்திருக்கிறார்கள், சிலருக்குக் கொஞ்சம் தட்டையாகலாம், நிச்சயமில்லை. களிம்பு தேய்த்துக் கரைக்க முடியாது. வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்து மச்சத்தைப் பொசுக்குவது போல இதையும் பொசுக்குகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். மச்சம் மேலே இருக்கிறது, இது ஆழத்தில் இருக்கிறது. தோல் வெந்து புண்ணாகி, தடிப்பு இருந்த இடத்தில் தடிப்பும் இருக்கும், தழும்பும் இருக்கும்.

ட்யூபரஸ் ஸ்க்லெரோசிஸ் உள்ளவர்களின் முகத்தில் வரும் அந்தச் சிவந்த பருக்களுக்கு மட்டும் புதிதாக ஒரு வழி வந்திருக்கிறது: சிரோலிமஸ் கலந்த ஜெல், எம்டோர் பாதையை அடக்குவது. ஜப்பானில் 2018-இலும் அமெரிக்காவில் 2022-இலும் அனுமதித்தார்கள். 1964-இல் ஈஸ்டர் தீவுக்குப் போன ஒரு கனடியக் குழு அள்ளி வந்த மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து கிடைத்த மருந்து அது. சரியாகப் பழுதான பாதையிலேயே போய் வேலை செய்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்புதான்.

கல்யாணப் பேச்சு நடக்கும் வீடுகளிலிருந்தும் இதைக் கேட்கிறார்கள். "அக்கா, பொண்ணு முதுகுல இருக்கறத மாப்பிள்ளை வீட்ல சொல்லணுமா?" என்று தாக்கேத்தாவிலிருந்து ஒரு தங்கச்சி போன் செய்தாள். ஒன்றே ஒன்று, குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லை, டாக்டரும் பார்த்துத் தனியானது என்றார் என்றால், பிறக்கும் குழந்தைக்குப் போகும் என்று பயப்படக் காரணம் இல்லை. பல முடிச்சுகள், அப்பாவுக்கும் உண்டு, அத்தைக்கும் உண்டு என்றால் ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். கர்ப்ப காலத்தில் சிலருக்கு முடிச்சுகள் கூடியதாகப் பதிவு இருக்கிறது, அதுவும் கெடுதலாக மாறுவது இல்லை. ட்யூபரஸ் ஸ்க்லெரோசிஸ் உள்ள பெண் என்றால் கர்ப்பத்துக்கு முன்பே சிறுநீரகத்தையும் நுரையீரலையும் பார்த்துக்கொள்ள வேண்டும், நுரையீரல் பாதிப்பு பெண்களுக்குத்தான் வருவது அதிகம்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது என்ன கொண்டு போகலாம்? தடிப்பின் பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுத்த போட்டோ, அதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து வைத்தால் வளர்கிறதா இல்லையா என்ற விவாதமே வராது. எப்போது முதலில் பார்த்தீர்கள், குடும்பத்தில் யாருக்கு இருக்கிறது, யாருக்காவது சின்ன வயதில் வலிப்பு வந்ததா, சிறுநீரகத்தில் ஏதாவது சொன்னார்களா, பிள்ளை பள்ளிக்கூடத்தில் எப்படிப் படிக்கிறது, இவற்றையெல்லாம் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், தமிழில் எழுதியிருந்தாலும் பரவாயில்லை, பர்மியம் நன்றாகப் பேசுகிற ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள், பெரியவர்கள் பலர் சயாமா, அதாவது டாக்டரம்மா, முன்னால் பாதியை மறந்துவிடுகிறார்கள். பெகு பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருபவர்கள் இன்னொரு தடவை வருவது எவ்வளவு சிரமம் என்று தெரியும், அதனால் பெற்றோர் இருவரும் முடிந்தால் ஒரே நாளில் சேர்ந்து வந்தால் மூவரையும் ஒன்றாகப் பார்த்துவிடுவார்கள்.

ட்யூபரஸ் ஸ்க்லெரோசிஸ் என்று உறுதியானால் ஒருமுறை பார்த்துவிட்டு விடுவது போதாது: சிறுநீரகத்தை ஒன்றிலிருந்து மூன்று வருடத்துக்கு ஒருமுறை, மூளையை 25 வயது வரை அதே இடைவெளியில் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்கிறார்கள், அதற்குத் திட்டமிட்டுப் பணம் சேர்க்க வேண்டியிருக்கும். புஷ்கே-ஒல்லன்டார்ஃப் என்றால் தொடர் சோதனை பெரிதாக எதுவும் இல்லை. இடுப்பு, கை எலும்பு எக்ஸ்ரேயின் ஒரு நகலையும் திசு ரிப்போர்ட்டையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள், வேறு எதற்காக எக்ஸ்ரே எடுக்கப் போனாலும் அதை முதலில் காட்டுங்கள்.